தாத்தாவின் மேல் இருந்த கோபம்

அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் தரம் படித்தபோது எனக்கு வரலாறு என்றாலே அலுப்பு. அரசர்களின் பெயர்களும் குளங்களின் பெயர்களும் மனதில் நிற்காது. பரீட்சை நெருங்கியதால் ஒரு மாலை அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

நாடு சுதந்திரம் அடைந்ததும் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் பற்றிய பாடம் அது. தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட முடியாத தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்களானார்கள். பிற்பாடு, இந்தியாவோடு செய்த ஒப்பந்தப்படி நிறையப் பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள்.

அம்மாவின் கை நின்றது.

"அத இன்னொருக்கா படி புள்ள."

படித்தேன்.

"இதெல்லாம் புஸ்தகத்துலயே போட்டிருக்கா?"

அம்மாவின் அண்ணனும் அப்படி இந்தியாவுக்குப் போனவர்தான். தாத்தா பத்திரங்களை ஒழுங்காக எடுத்து வைக்காததால்தான் தனக்கு இந்தக் கதி என்று மாமா நம்பினார். அட்டன் ஸ்டேஷனில் ரயிலேறும்போதுகூட அவர் தாத்தாவிடம் பேசவில்லையாம். தாத்தா இறந்தபோதும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"நாங்களும் அப்பாவத்தான் திட்டுனோம். வெவரம் பத்தாத மனுசன்னு," என்றாள் அம்மா.

"தாத்தா என்னம்மா செய்வாரு? லயத்து வீடுகள்ல யாருகிட்டயும் பத்திரம் இருந்திருக்காது. சட்டத்தையே அப்படித்தான் போட்டிருக்காங்க."

அம்மா என் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ரொட்டி கருகிய பிறகுதான் திரும்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் எடுத்தாள். நீலகிரியில் அவரும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை செய்தார். நலம் விசாரித்து முடிந்ததும், "அண்ணே, புள்ள ஒண்ணு படிச்சுக் காட்டுவா, கேளுங்க," என்று போனை என் கையில் கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மெதுவாகப் படித்து முடித்தேன்.

"அப்பாவ எங்க பொதச்சீங்க?" என்று கேட்டார் மாமா.

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "ஆத்துக்கு மேல, பழைய மலையிலதாண்ணே."

"மழைக்குத் தண்ணி நிக்குமா?"

"நிக்காதுண்ணே. மேடான எடம்."

உயர்தர வகுப்பிலும் நான் வரலாற்றையே பாடமாக எடுத்தேன். முதல் வருஷம் முடிவதற்குள் மாமா வந்துவிட்டார். லயத்துக்கு வந்தவர் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு, "வா, அப்பாகிட்ட போயிட்டு வந்துருவோம்," என்று அம்மாவைக் கூப்பிட்டார்.