எர்லிந்தாவின் வலது பக்கம்

ஒலிபெருக்கி கரகரத்ததும் எர்லிந்தா தன் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள். இடது காது எதிர்ச்சாரியில் இருக்கும் சபைக்கு, வலது காது கடைக்கு உள்ளே. கைகள் மட்டும் நிற்பதில்லை. மக்காச்சோள மாவை உருட்டி, குழித்து, மசித்த பீன்ஸும் பாலாடைக்கட்டியும் வைத்து மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தட்டிக் கல்லில் போடுகிறாள். உசுலுதான் நகரத்துச் சந்தைத் தெருவில் இந்தப் புப்பூசா அடை விற்கும் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவள் தட்டுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். யாரையோ அறைவதுபோல் இருக்கும்.

"ஆரம்பிச்சுட்டாரு எங்க வீட்டுப் பரிசுத்தவான்," என்பாள். "கேளுங்க. எனக்குத்தான் பாதிக் காது. உங்களுக்கு முழுசா இருக்கே."

ஒலிபெருக்கியில் வருவது அவள் புருஷன் நிக்கோமேதெஸின் சாட்சி. சாராயத்திலிருந்து ஆண்டவர் அவனைத் தூக்கியெடுத்த கதை. சபையில் அதற்கு ஏகக் கிராக்கி. புதுமுகம் ஒன்று உள்ளே வந்தால் போதும், சாட்சி சொல்ல நிக்கோமேதெஸைத்தான் எழுப்பிவிடுவார்கள். கதையும் வருஷத்துக்கு வருஷம் சதை போட்டுக்கொண்டே வருகிறது. முன்பெல்லாம் அவன் சாக்கடையில் கிடந்தபோது ஒரு நாய் வந்து முகத்தை நக்கியது. இப்போது நாலு நாய்.

"ஒரு நாய்தான்யா," என்று எர்லிந்தா இங்கிருந்தே திருத்துவாள். "அதுவும் நம்ம வீட்டு நாய். பாவம், உன்னைத் தேடிக்கிட்டு வந்துச்சு." கல்லைச் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"அன்னைக்கு ராத்திரி என் மனைவி என்ன பண்ணா தெரியுமா, சகோதரர்களே? என்னை ஏசல. சபிக்கல. அடுப்படித் தரையில முழங்கால் போட்டு எனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தா!" சபை அல்லேலூயா என்று அலறும். அந்த இடத்தில் எர்லிந்தாவின் கையில் மாவு கிழிந்து பீன்ஸ் வெளியே பிதுங்கும். ஒருநாளும் தப்பியதில்லை.

முழங்கால் போட்டது நிஜம்தான். அவள் தோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். சாக்கடையிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்து அவன் விட்ட அறையில் இடது காதுத் தோடு தெறித்து அடுப்படியில் எங்கேயோ போய் விழுந்தது. தோடு கிடைக்கவேயில்லை. காதும் அன்றோடு போயிற்று. இன்றைக்கும் அவள் வலது காதில் மட்டும்தான் தோடு போடுகிறாள். விவரம் தெரியாதவர்கள், "அக்கா, ஒரு தோடு விழுந்துடுச்சு போல," என்று பதறினால், "எப்பவோ விழுந்துடுச்சு. நீ சாப்பிடு," என்பாள்.

நிக்கோமேதெஸ் திருந்தியது பொய்யில்லை. ஒரு சொட்டு தொடுவதில்லை. கடைக்கு விறகு பிளக்கிறான், மூட்டை சுமக்கிறான், பின்கட்டுக் கொட்டகையில் தனியாகப் படுத்துக்கொள்கிறான், போட்டதைச் சாப்பிடுகிறான். அவளுக்கு எரிச்சலே அதில்தான். திருந்தாதவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கிவிடலாம். இவன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துவிட்டு, அந்தச் சோற்றை ஊருக்கெல்லாம் பந்தி போடுகிறான். அவள் வாங்கிய அறை அதில் எங்கும் இல்லை.

ஆண்டவரோடு அவளுக்குச் சண்டை கிடையாது. தினமும் முதல் புப்பூசாவின்மேல் விரலால் ஒரு சிலுவை போட்ட பிறகுதான் அதைக் கல்லில் இடுவாள். சண்டையெல்லாம் அவருடைய ஆட்களோடுதான்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முக்காலி கிடக்கும். இடது முக்காலி வருகிறவர் போகிறவருக்கு. வலது முக்காலியில் எப்போதும் மாவுச் சட்டி உட்கார்ந்திருக்கும். கேட்க வேண்டிய பேச்சு என்று அவளுக்குத் தோன்றினால்தான் சட்டி கீழே இறங்கும். மீன்காரி சோய்லாவுக்கு இறங்கும். பாஸ்டர் எலியூவுக்கு இறங்காது.

அப்படித்தான் போன வாரம் பாஸ்டர் வந்து இடப்பக்கம் உட்கார்ந்து, காதோடு காதாக ஏதோ சொன்னார்.

"அந்தக் காது செத்துப்போச்சு, பாஸ்டர். சத்தமாப் பேசுங்க."

"ஞாயித்துக்கிழமை நிக்கோமேதெஸை சபை மூப்பரா நிறுத்தப் போறோம், சிஸ்டர். நீங்க பக்கத்துல வந்து நின்னு, மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்னது?"

"மன்னிச்சுட்டேன்னு!" என்று பாஸ்டர் கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"எதை?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பழசையெல்லாம்தான். ஆண்டவரே மன்னிச்சுட்டாரே."

"ஆண்டவரையா அறைஞ்சான்? அறை வாங்கினவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீங்க எல்லாரும் சேந்து எப்படி முடிச்சுவெச்சீங்க?"

"கசப்பை வளத்துக்காதீங்க, சிஸ்டர்."

"நான் எங்க வளக்கறேன்? அது தினம் சாயங்காலம் உங்க ஸ்பீக்கர்லேருந்து வருது." மாவை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "நான் எதுக்கு முழங்கால் போட்டேன்னு அதே மைக்குல அவனைச் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் பாப்போம்."

கடைக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்த கோடரிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். எதிரே சபை நிரம்பி வழிந்தது. நிக்கோமேதெஸ் ஆரம்பித்தான். சாராயம் வந்தது, சாக்கடை வந்தது. நாய் ஒன்றே ஒன்றுதான் வந்தது. எர்லிந்தா தலை நிமிர்ந்தாள்.

"என் மனைவி முழங்கால் போட்டிருந்தா," என்றான். அதற்குமேல் ஒலிபெருக்கியில் மூச்சுதான் கேட்டது. "ஜெபம் பண்ணல. தோட்டைத் தேடிக்கிட்டிருந்தா. நான் அறைஞ்சதுல தெறிச்சு விழுந்த தோடு. அவளுக்கு அந்தக் காது கேக்காது. நான்தான் பண்ணேன். இத்தனை வருஷமா அதை ஜெபம்னு சொல்லி உங்ககிட்ட கைதட்டல் வாங்கினேன்."

அல்லேலூயா வரவில்லை. யாரோ இருமினார்கள். பாஸ்டர் அவசர அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார். கல்லில் இருந்த புப்பூசாக்கள் கருகின. எர்லிந்தா திருப்பிப் போடவில்லை.

பாட்டு முடிவதற்குள் அவன் தெருவைக் கடந்து வந்தான். மூப்பர் பதவிக்கென்று தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வழக்கம்போல இடப்பக்கம் நின்று ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றாள்.

அவன் கல்லைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, சட்டிக்குப் பின்னால் நின்றான். "நீ தேடினப்போ நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். குனிஞ்சு உன்கூடச் சேந்து தேடல. அதை அங்க சொல்ல வாய் வரல."

இது அவளுக்கே தெரியாத விஷயம். அறைந்த கையோடு போதையில் மயங்கிக் கிடந்தான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அவள் முகம் சிவந்தது. "பாத்துக்கிட்டா நின்ன, பாவி?" என்றாள். "அழாதய்யா. என் அடுப்பு முன்னாடி அழாத. அழுகையெல்லாம் அங்கயே கொட்டித் தீத்துட்டேல்ல? நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத."

"நினைக்கல."

கருகியதைச் சுரண்டி எறிந்தாள். இன்னும் இரண்டு உருண்டை எடுத்து, வழக்கத்தைவிட ஓங்கித் தட்டிக் கல்லில் போட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வலது முக்காலியில் இருந்த மாவுச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தாள்.