முதல் வரியில் இருந்த விலாசம்

ஆஸ்பத்திரிக் கணினி அறையில் அவளுக்கு 'விலாசக்கா' என்று பட்டப்பெயர். வீட்டில் கத்தரிக்கோல் அதற்குரிய ஆணியில் தொங்காவிட்டால் கணவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். வேலையிடத்திலும் அதே குணம்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்புவது அங்குள்ள ஸ்கிரிப்டுகள் என்னும் சின்னச் சின்னக் கட்டளைக் கோப்புகள். தன்னைப் படித்து நடத்தித் தரும் இன்டர்பிரட்டர் என்ற நிரல் எங்கே இருக்கிறது என்ற விலாசம் ஒவ்வொன்றின் முதல் வரியிலும் இருக்கும். அங்கே அது இல்லையென்றால் ஸ்கிரிப்ட் கையை விரித்துவிடும். விலாசக்காவின் பொறுப்பிலிருந்த கணினிகளில் அந்த இன்டர்பிரட்டர் ஒரு ஃபோல்டரில் இருந்தது. வார்டுக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மீசைக்காரர் வேறொன்றில் வைத்திருந்தார். இதற்காகவே இருவரும் வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

இப்போது எல்லாக் கணினிகளையும் ஒன்றாக இணைக்கப் போகிறார்கள். இனி இன்டர்பிரட்டருக்கு ஒரே இடம்தான். பிசகினால் முடிவு போய்ச் சேராது, நோயாளிக்கு மருந்தும் தாமதமாகும்.

கூட்டத்தில் அவள் தன் இடமே இருக்கட்டும் என்று தொண்டை வற்றும்வரை வாதாடினாள். வார்டுக் கணினிகள்தான் எண்ணிக்கையில் அதிகம், அங்கே கை வைத்தால் ஆபத்தும் அதிகம் என்பது பிறகுதான் உறைத்தது.

"சரிண்ணே, உங்க இடமே இருக்கட்டும். என்னோடதையெல்லாம் நானே மாத்திடுறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. ஒவ்வொரு ஸ்கிரிப்டாகத் திறந்து முதல் வரியை மாற்றினாள். பழைய ஃபோல்டரையும் துடைத்துக் காலி செய்தாள்.

இணைத்த அன்று காலை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. மதியம் ஒரு ஸ்கிரிப்ட் கண்ணில் பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழந்தைகள் வார்டுக்காக அவளே எழுதியது. மாற்ற விட்டுப்போயிருந்தது. முதல் வரியில் அதே பழைய விலாசம்! பதறிப்போய் வார்டுக்குப் போன் போட்டாள்.

"முடிவெல்லாம் காலையிலயே வந்துடுச்சே," என்றாள் நர்ஸ்.

நம்ப முடியாமல் பழைய ஃபோல்டரைத் திறந்தாள். புது இடத்துக்கு வழிகாட்டும் ஓர் இணைப்பு அங்கே இருந்தது. அவள் வைத்ததல்ல. மீசைக்காரரின் மேஜைக்குப் போய்க் கேட்டாள்.

"நான்தாம்மா வச்சேன்," என்றார் மீசைக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இத்தனை வருஷம் இருந்த விலாசம். யாராவது தேடிக்கிட்டு வந்தா திரும்பிப் போகக் கூடாதுல்ல?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தேங்க்ஸ்ண்ணே," என்றாள்.

வீடு திரும்பினால், கத்தரிக்கோல் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்றான் கணவன், நிஜமாகவே பயந்துபோய்.