நான்கு அண்டா கூழ்

விஜயராணியைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதையும் நம்ப வேண்டாம். பாகூர் ஏரிக்குத் தெற்கே, பஸ் வராத எங்கள் ஊரில் நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி. இட்லிக் கடை வைத்திருக்கிறேன். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் நான் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சின்ன வயதில் நாற்று நட இறங்கியவள் முப்பது வருஷம் சேற்றிலேயே நின்றாள். புருஷன் சுப்புராயன் கேரளாவுக்குக் கொத்து வேலைக்குப் போய் அங்கேயே ஒரு குடித்தனம் வைத்துக்கொண்டான். அந்த ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது, விட்டுவிடுகிறேன். இரண்டு முழங்காலும் தேய்ந்து, குனிந்தால் நிமிர முடியாமல் அவள் கிடந்த சமயத்தில்தான் சாண எரிவாயுத் தொட்டி எங்கள் ஊருக்கு வந்தது.

கொம்யூன் பஞ்சாயத்து இடம் கொடுத்தது. ஒரு கம்பெனி வந்து கட்டியது. பதினெட்டு வீடுகளுக்குக் குழாய் போட்டு அடுப்புக்கு வாயு கொடுத்தார்கள். பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றபோது, சாணி அள்ளுகிற பிழைப்பு நமக்கெதற்கு என்று எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சாணியில் வந்த வாயுவில் காப்பி போட்டுக் குடிக்க மட்டும் யாருக்கும் நாறவில்லை. விஜயராணி போனாள். வயல் மாதிரி நாளெல்லாம் குனிந்து கிடக்க வேண்டாம், நின்றுகொண்டே செய்யலாம் என்பதுதான் அவள் பார்த்த ஒரே வசதி.

காலையில் தள்ளுவண்டியோடு கிளம்பி வீடு வீடாகச் சாணி வாங்குவாள். கல்லையும் குச்சியையும் பொறுக்கி எறிந்து, சரிக்குச் சரி தண்ணீர் ஊற்றிக் கரைத்து, தொட்டி வாயில் விடுவாள். கம்பெனி இன்ஜினியர் கலைவேந்தன் மாதம் ஒரு தடவை வருவார். அவர் போன வருஷம் தொட்டிக்குள் ஒரு கம்பியை இறக்கினார். உள்ளே எவ்வளவு புளிப்பு, எவ்வளவு சூடு என்று அது கம்பெனிக்கும் விஜயராணியின் போனுக்கும் சொல்லிவிடும். சாணியைத் தவிர வேறு எதுவானாலும் ஒரு நாளைக்குப் பத்து கிலோவுக்கு மேல் போடக்கூடாது என்று சுவரில் எழுதியும் வைத்தார். அறுப்பு மிஷின் விட்டுப்போகிற வைக்கோலையும் நேப்பியர் புல்லையும் அரைத்துப் போட்டு வாயு எடுக்கிற பெரிய தொட்டி ஒன்று பக்கத்திலேயே வரப்போவதாகச் சொன்னார். ஆடி முடியும்வரை சின்னத் தொட்டி ஒழுங்காக ஓடினால் அது வரும், விஜயராணிக்கும் வேலை நிரந்தரமாகும் என்றார். இல்லாவிட்டால் அவள் மறுபடியும் வயலுக்குத்தான் போக வேண்டும். அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படிப் போவாள்?

ஆடி முதல் வெள்ளி மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தோம். ஒரு குடம் மிஞ்சியது. தெருவில் ஊற்றினால் அம்மன் கூழ் காலில் மிதிபடும், அது பாவம். மாட்டுக்கு வைக்கலாம் என்றால், முந்தின வருஷம் வைத்ததில் வயிறு ஊதி ஒரு பசு செத்தேபோனது. நான்தான் யோசனை சொன்னேன்.

“ஏண்டி விஜயா, உன் தொட்டியில ஊத்தேன். சாணியே துன்னுது, கூழு துன்னாதா?”

“சாணியில போயி அம்மன் கூழ ஊத்தலாமாக்கா?”

“சாணி மகாலட்சுமிடி. இன்னா தப்பு?”

ஊற்றினாள். மறுநாள் வாயு இரண்டு மடங்கு வந்தது. என் இட்லிக் குண்டானில் ஒரு ஈடு கூடுதலாக வெந்தது. அம்மன் பவர் என்று தெருவே பேசிக்கொண்டது. நானும்தான் பெருமை பீற்றிக்கொண்டேன்.

மூன்றாம் வெள்ளி நல்ல மழை. வெளியூர் ஜனம் வரவில்லை. நான்கு அண்டா கூழ் அப்படியே நின்றுவிட்டது. கோயில் காரியம் பார்க்கிற நடேசன் ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டு நேரே தொட்டிக்கு வந்துவிட்டார். நானும் கூடவே போனேன்.

“நாலு அண்டா ஜாஸ்தி மாமா,” என்றாள் விஜயராணி. “சார் கண்டிச்சிச் சொல்லிக்கிறாரு.”

“மாட்டுக்கு ஊத்துனாதான் வயிறு ஊதும். தொட்டிக்கு இன்னா வயிறா இருக்குது? கையில காப்பக் கட்டிக்கினு அம்மன் கூழ வாணான்றியே.”

அவள் என்னைப் பார்த்தாள். “ஊத்துடி, ஒண்ணும் ஆவாது,” என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்தவள், நின்று வாதாடத் தெம்பில்லாமல் மூடியைத் திறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அடுப்பு தகதகவென்று எரிந்தது. மறுநாள் சுடர் மஞ்சளாகத் தள்ளாடியது. மூன்றாம் நாள் எத்தனை தீக்குச்சி கிழித்தாலும் பற்றவில்லை. தொட்டி என்னவோ உப்பித்தான் இருந்தது, உள்ளே இருந்தது எரிகிற வாயு இல்லை. பக்கத்தில் போனால் ஊசிப்போன கஞ்சி வாடை. விஜயராணியின் போன் சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது.

கலைவேந்தன் வருவதற்குள் நடேசன் அவளிடம் வந்தார். “கூழுன்னு வாயத் தொறக்காத. அம்மன் பேரு கெட்டுப்பூடும். மிஷின் ரிப்பேருன்னு சொல்லு.”

“மிஷினு இன்ஜினியரு சாரு மாட்டனது மாமா. அவரு வேல பூடுமே.”

“உன் வேலயப் பாருடி மொதல்ல.”

கலைவேந்தன் வந்து மூடியைத் திறந்து பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. தெருவே கூடி நின்றது. “சாணி போடுற எடத்துல வேற எதையோ நிறையப் போட்டிருக்கீங்க. சாணிய வாயுவாக்குற கிருமி எல்லாம் புளிப்புல செத்துப்போச்சு. யாரு போட்டது?” என்று கேட்டார்.

நடேசன் வானத்தைப் பார்த்தார். நான் முந்தானையில் கையைத் துடைத்தேன், கையில் ஒன்றுமே இல்லை.

“நான்தான் சார். நாலு அண்டா கூழு,” என்றாள் விஜயராணி.

“யாரு ஊத்தச் சொன்னாங்க?”

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “யாரும் சொல்லல சார். நானாத்தான் ஊத்தனேன்.”

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். என் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்களோ, கடை என்னாகுமோ என்ற பயம். அவ்வளவுதான். வேறு காரணம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன்பிறகு இருபத்திரண்டு நாள் அவள் பட்ட பாட்டைப் பார்த்தேன். தொட்டிக்குத் தீனியாகப் போடும் சாணியை நிறுத்தினார்கள். தினமும் சுண்ணாம்புத் தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். சுத்துக்கேணியில் ஒரு மாட்டுப் பண்ணையில் நல்லபடியாக ஓடுகிற தொட்டி இருந்தது. அங்கிருந்து கரைசலைக் கேன் கேனாகக் குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து இதில் விட வேண்டும். முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவளே கேன்களை இறக்கினாள். ஒத்தாசைக்குப் போன ஆட்களில் நடேசன் இல்லை. நான் இரண்டு நாள் போனேன், அப்புறம் கடை இருக்கிறதென்று நின்றுவிட்டேன். இருபத்துமூன்றாம் நாள் என் அடுப்பில் நீலமாகச் சுடர் வந்தது. விஜயராணி ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் எழுந்திருக்க அரைமணி நேரம் ஆயிற்று.

சின்னத் தொட்டி மறுபடி ஓடியதைப் பார்த்துப் பெரிய தொட்டிக்குக் கம்பெனி சம்மதித்துவிட்டது. ஆனால் டிப்ளமா படித்த ஆள்தான் பார்க்க வேண்டுமாம். சொன்னதை மீறியவரை வைத்துக்கொள்ள முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். காகிதத்தைக் கலைவேந்தனே கொண்டுவந்தார்.

“நானும் எழுதிப் பாத்தேன்க்கா. அவங்க கேக்கல.”

“நீங்க இன்னா சார் பண்ணுவீங்க,” என்றாள் அவள். “வடக்கால இருக்கிற வால்வு மழைக்கு இறுகிக்கும். புதுசா வர்றவருகிட்ட கொஞ்சம் எண்ணெ விடச் சொல்லுங்க.”

சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். ஊரில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பு எரிந்தது, போதும் அவர்களுக்கு.

புரட்டாசியில் நடவு ஆரம்பித்தது. நடுகிற பெண்களுக்கு இட்லி எடுத்துக்கொண்டு வரப்பில் போனேன். வரிசையில் கடைசியாக, மற்றவர்களைவிட ஐந்தாறு அடி பின்தங்கி அவள் நட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தொடையில் கையை ஊன்றி மெதுவாக நிமிர்ந்தாள்.

“இன்னாக்கா, அடுப்பு நல்லா எரியுதா?”

குத்திக் கேட்டிருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும். நிஜமாகவேதான் கேட்டாள்.

“எரியுது விஜயா,” என்றேன்.

“மஞ்சளா எரிஞ்சா உடனே சொல்லு. வந்து பாக்குறேன்,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தாள்.