மணவாட்டி சபையும் பூதிகோட்டை மாப்பிள்ளையும்

ஈரமான கித்தான் துணியின் புழுங்கிய வாசனை மூக்கில் பட்டால், எதிரே நிற்பவர் யாரானாலும், இவர் மேகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவாரா, கைவிடப்படுவாரா என்று என் மனம் இன்றும் தானாகவே சந்தேகப்படத் தொடங்கிவிடும். அறுபதுகளின் நடுவில், கோலார்ப் பக்கத்துத் தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸை ஒட்டிய எங்கள் தொழிலாளர் ‘லைன்’ வீடுகளுக்குப் பின்னால், ஒரு மழைக்காலம் முழுக்க நின்றிருந்த பிரசங்கக் கூடாரம் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பழக்கம் அது.

வேலூர்ப் பக்கமிருந்து வந்த பிரசங்கியார் ஒல்லியானவர், உரக்கப் பேசாதவர். சபைதான் கிறிஸ்துவின் மணவாட்டி என்றும், அந்த மணவாளனின் வருகை நெருங்கிவிட்டது என்றும், எக்காளம் தொனிக்கையில் ஆயத்தமாயிருப்பவர்கள் கண்ணிமைப்பில் மேகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு மறைந்துபோவார்கள், விளக்கில் எண்ணெய் இல்லாதவர்கள் மூடிய கதவுக்கு வெளியே நிற்பார்கள் என்றும் சொல்லுவார். அதற்குப் பிறகு எங்கள் லைனில் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. குழாயடியில் சண்டை போட்டவளுக்கு ‘எண்ணெ இல்லாதது’ என்று பெயர் விழுந்தது. ஜெபத்தின்போது நான் ஒரு கண்ணைத் திறந்துவைத்து, வேறு யார் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்த அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்போம். அவர் மட்டும், தினம் ‘கேஜ்’ என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குகிறவனுக்கு எல்லா நாளும் கடைசி நாள்தான் என்று சொல்லிவிட்டு ‘ஷிப்டு’க்குப் போய்விடுவார்.

அந்த வருஷம்தான் அக்கா கிரேஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பூதிகோட்டையில் நிலம் இருந்தது. முதல் மனைவி இறந்துபோயிருந்தாள். ரெண்டாந்தாரமானால் என்ன, குணமான மனுஷன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போன நிச்சயச் சேலை எங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கூடாரத்துக்குப் போய்வரத் தொடங்கிய அக்கா, ஒரு மாலை தன் கம்மலைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்து, தன்னைப் பரலோக மணவாளனுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டதாகவும், வேறு மாப்பிள்ளை வேண்டாமென்றும் சொன்னாள்.

லைனின் சந்தேகமெல்லாம் பிரசங்கியார் மேல் திரும்பியது. அவர் எந்த வீட்டில் சாப்பிடுகிறார், யாரோடு பேசுகிறார் என்று ஆண்கள் கவனித்தார்கள். வயசுப் பெண்ணின் மனசைக் கலைக்கிறவன் ஊழியக்காரனா என்று கேட்டார்கள். கூடாரத்தின் கயிற்றை அறுத்துவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. எனக்கோ சந்தேகம் அக்காவின் மேல்தான். ஒரு மத்தியானம் பாறை வெடித்து நிலம் அதிர்ந்தது. நாங்கள் அதை ‘பர்ஸ்ட்’ என்போம். கீழே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஊரே சுரங்க வாயான ‘ஷாப்ட்’டை நோக்கி ஓடும். அன்று கூடாரத்துப் பெண்கள் சிலர் வருகை வந்துவிட்டதென்று முழங்காலிட்டு வானத்தைப் பார்த்தார்கள். அக்கா வானத்தைப் பார்க்கவேயில்லை. செருப்புகூட இல்லாமல் ஓடிப்போய், நைனா மேலே வரும்வரை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே போகக் காத்திருப்பவள் பூமிக்குக் கீழே இருப்பவருக்காக ஏன் இப்படி ஓடுகிறாள் என்று எனக்கு உறுத்தியது.

அம்மா பொறுக்கமாட்டாமல் ஒரு சாயங்காலம் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள். பாய் விரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்க, என் மகளிடம் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதே என்று சொன்னீர்களா என்று நேராகவே கேட்டாள். பிரசங்கியார் கோபப்படவில்லை.

“நான் யாருக்கும் அப்பிடிச் சொல்லலம்மா. மணவாட்டின்னா ஒரு பொண்ணு இல்ல, சபை முழுக்க. நீங்களும்தான், உங்க வீட்டுக்காரரும்தான்.”

நைனாவும் மணவாட்டி என்றதும் பாய் விரித்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பிரசங்கியார் அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் அங்கிருந்த கண்களெல்லாம் திரும்பின.

வீட்டுக்கு வந்ததும், யார் சொல்லிக்கொடுத்து இந்த நாடகம் ஆடினாய் என்று அம்மா கேட்டாள். ஷிப்டு முடிந்து வந்திருந்த நைனா கால் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா அழாமல் சொன்னாள்: “அவரு மொதத் தாரம், அந்தக்கா எப்பிடிச் செத்தாங்கன்னு நீங்க யாரும் கேக்கல. நான் கேட்டிருந்தா, பொண்ணுக்கு இன்னா வாய்னு சொல்லுவீங்க. சாமி பேரச் சொன்னாத்தான் நின்னு கேக்குறீங்க.”

நைனா காலைத் துடைக்காமலே உள்ளே வந்து உட்கார்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல், இறந்துபோனவளின் தாய்வீட்டைத் தேடிப் பூதிகோட்டைக்குப் பஸ் ஏறினார். பொழுது சாயத் திரும்பி வந்தவர் சோறு வேண்டாமென்றார். நிச்சயச் சேலையைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். அங்கே என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டதற்கு, “கேக்காத,” என்றார். அவ்வளவுதான். அம்மா அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

மழை முடிந்து கூடாரம் பிரிக்கப்பட்டபோது, ஒரு கல்யாணத்தைக் கெடுத்த மனுஷன் என்ற பெயரோடுதான் பிரசங்கியார் ஊரைவிட்டுப் போனார். நைனா அதைத் திருத்தவில்லை. திருத்தினால் பூதிகோட்டையைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். அக்கா கோலாருக்குப் போய் நர்சு வேலை கற்றுக்கொண்டாள். சில வருஷம் கழித்து, தானே பார்த்துப் பேசிப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது சுரங்கம் மூடிக் கிடக்கிறது. லைனில் பாதி வீடுகளுக்குக் கூரையில்லை. மீதி வீடுகளின் பிள்ளைகள் விடியுமுன்னே பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறார்கள். கூடாரம் நின்ற இடத்தில் முள் மண்டியிருக்கிறது. பூதிகோட்டையில் கேட்டதை யாரிடமும் சொல்லாமலே நைனா போய்ச் சேர்ந்தார். அது தெரிந்தவர்கள் இனி எங்கேயும் இல்லை.

அக்கா இன்னும் இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இத்தனை வருஷமாக மனதில் கிடந்த சந்தேகத்தைக் கேட்டேவிட்டேன்: அப்போது நிஜமாகவே வருகையை நம்பினாயா, இல்லை வெறும் சாக்கா?

முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி சொன்னாள்: “வருகைய நம்புனேன்டி. இன்னும் நம்புறேன். அந்தப் பூதிகோட்டை ஆளத்தான் நம்பல.”