நான்காவது செவ்வரளியும் போயிற்று

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் பாறையையே பூக்கவைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் இன்று காலை நான்காவது செவ்வரளியும் செத்துவிட்டது.

பிடுங்கிக்கொண்டு போய் நர்சரிக்காரம்மாவிடம் காட்டினேன்.

"ஏனுங்ணா, தண்ணி எவ்வளவு ஊத்துனீங்க?"

"தெனம் நாலு கொடம் அம்மணி. கெணத்துல இருந்ததெல்லாம் இதுக்குத்தான்."

"பாறைக் குழியில தண்ணி வடியாம நின்னு வேரே அழுகிப்போச்சுங்ணா. காயவிட்டிருந்தாலே பூத்திருக்குமுங்க."

வறட்சியில் எங்கள் தென்னையெல்லாம் கருகிய பிறகு என் மனைவி கேட்டது சாமிக்கு நாலு பூ மட்டும்தான். இப்போது கிணற்றிலும் தரை தெரிகிறது.

வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்து அவள் சொன்னாள்: "இனி நட வேண்டாமுங்க. பூ இல்லாம சாமியும் பழகிக்கும்."

பக்கத்துத் தோட்டத்து வேலியில் யாரும் கவனிக்காத அரளி கொத்துக்கொத்தாய்ப் பூத்திருக்கிறது.

நண்பர்களே, ஒரு செடியைக் கவனிக்காமல் இருப்பது எப்படி? அது ஒன்றுதான் எனக்குத் தெரியாது.