காலிக் கூண்டில் ஓர் அதிகாரி

இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் ஹோல்ட்பிரிட்ஜ் ஊர்ப் பள்ளியில் படித்த யாரும் பெரில் ஆர்மரோட் கையால் சாப்பிடாமல் தப்பியதில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிச் சமையலறையில் இருந்தவர். தலைமையாசிரியர், பாதிரியார், பால்காரர் எல்லோருமே அவருக்குக் “கண்ணு”தான். ஓய்வு பெற்றபின் பக்கத்திலிருந்த சின்ன விலங்குக் காட்சிசாலைக்குப் போய், சம்பளம் இல்லாமல் இறைச்சி வெட்டிப் போட்டார். கோலினைச் சந்தித்தது அங்கேதான்.

கோலின் ஓர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. நீளக் கால், சிறுத்தைப் புள்ளி, வயது பதினாலு, மிச்சமிருந்தது ஐந்து பல். ஆனால் சட்டத்துக்குப் பல் எண்ணத் தெரியாது. ஆபத்தான விலங்குகளின் பட்டியலில் அந்த இனம் இருந்தது. காட்சிசாலையை மூடப்போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெரிலுக்கு உரிமம் கிடைத்தால் கோலின் அவர் வீட்டுக் கொல்லைக்கு வரும். இல்லையென்றால் டென்மார்க்கில் வேறொரு காட்சிசாலைக்குப் போகும்.

பெரிலின் தம்பி ஸ்டான் கொல்லையில் கூண்டு கட்டினான். அடுத்தடுத்து இரண்டு கதவுகள், தானே விழுந்து பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள்கள், மேலே கம்பிவலை, கீழே சிமென்ட். கால்நடை மருத்துவர் பார்த்துச் சரி என்றுவிட்டார். அடுத்த வீட்டு பெர்சி பிக்கப்தான் எதிர்த்து நகராட்சிக்கு ஒன்பது கடிதம் எழுதினார்.

“பெரில், அது பூனை இல்ல, புலியோட சித்தப்பா மகன்! ஒரே தாவுல என் முட்டைக்கோஸ் பாத்தியில வந்து நிக்கும்.”

“உன் முட்டைக்கோஸ் யாருக்குமே பிடிக்காது, கண்ணு. அதுக்கு மட்டும் பிடிக்குமா?”

செவ்வாய்க்கிழமை நகராட்சி அதிகாரி துவெய்ட் வந்தார். உரிமத்துக்கு முன் விலங்கு வீட்டில் இருந்தால் குற்றம். அதனால் கூண்டு காலியாக இருந்தது. அவர் கோப்பில் ஒன்பது கடிதங்களும் இருந்தன.

“எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு, மிஸஸ் ஆர்மரோட். காலிக் கூண்டைப் பாத்து, அது வெளிய வராதுன்னு நான் எப்படி எழுதிக் குடுக்கறது?”

“உள்ள போய்த்தான் பாரேன், கண்ணு. டீயையும் எடுத்துக்கோ. நான் பிஸ்கட் கொண்டு வரேன்.”

அவர் போனார். க்ளிக். க்ளிக். தாழ்ப்பாள் இரண்டுக்கும் வெளியே மட்டும்தான் பிடி.

சமையலறையில் தொலைபேசி அடித்தது. டென்மார்க் வண்டியை வரச் சொல்லவா என்று காட்சிசாலைக்காரர் கேட்டார். பெரில் நாற்பது நிமிடம் கெஞ்சினார்.

ஜன்னல் வழியே துவெய்ட் அதைப் பார்த்தார். தொலைபேசியில் பேசுகிறவரைக் கூப்பிடுவது எங்கள் ஊரில் நாகரிகமில்லை. இரண்டு முறை இருமினார், அவ்வளவுதான்.

பெரில் பிஸ்கட்டோடு வந்தபோது அதிகாரி மேல் வலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஷூ கீழே கிடந்தது.

“அடடா கண்ணு, டீ ஆறிப்போச்சே!”

மதிலுக்கு மேல் பெர்சியின் தலை முளைத்தது. கையில் நோட்டுப் புத்தகம். “மாடி ஜன்னல்லேருந்து எல்லாத்தையும் பாத்தேன்!”

“பாத்தீங்களா? அப்ப ஏன் யாரையும் கூப்பிடல?” என்றார் துவெய்ட்.

“சோதனை பண்றீங்கன்னு நெனச்சேன், சார். நடுவுல புகுந்தா நல்லாவா இருக்கும்? ஆனா பத்தாவது கடிதத்துக்குக் குறிச்சு வச்சுட்டேன்.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: “10.20, கதவை ஆட்டினார், அசையவில்லை. 10.27, தோளால் இடித்தார், தோளைத் தேய்த்துக்கொண்டார். 10.35, டீ ஸ்பூனால் தரையைத் தோண்டினார், ஸ்பூன் வளைந்தது. 10.44, கம்பியைக் கடித்தார்.”

“கடிக்கல! உதடு பட்டுது.”

“கடிச்சீங்க, சார். இடது பக்கப் பல்லால.”

பெரில் கதவுகளைத் திறந்துவிட்டார். துவெய்ட் ஷூவை மாட்டிக்கொண்டு, தாழ்ப்பாளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “மிஸ்டர் பிக்கப், அந்தப் பக்கத்துல தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?”

தன் குறிப்பை ஓர் அதிகாரி கேட்பது பெர்சிக்கு அதுவே முதல் முறை. பெருமையாகக் கையெழுத்திட்டுக் கிழித்துக் கொடுத்தார். துவெய்ட் அதைக் கோப்பில் ஒன்பது கடிதங்களுக்கும் மேலே செருகினார். அப்போதுதான் பெர்சியின் வாய் மெல்லத் திறந்தது.

“ஐயையோ.”

வியாழக்கிழமை உரிமம் வந்தது. வெள்ளிக்கிழமை கோலின் வந்தது. மாலையில் பெரில் இறைச்சியோடு கொல்லைக்கு வந்தபோது, பெர்சி மதிலோரம் நோட்டுப் புத்தகத்துடன் நின்றிருந்தார்.

“2.15, வந்தது. 2.20, படுத்தது. 3.00, தூக்கம். 4.00, தூக்கம். 5.00, புரண்டு படுத்தது.” புத்தகத்தை மூடினார். “இதுக்கு அந்த நகராட்சி ஆளே தேவலை, பெரில். அவனாவது முயற்சி பண்ணினான்.”