எட்டுப் புள்ளி வரைக்கும் பரவாயில்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையின் மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. கீழே பட்டறை, மேலே கம்ப்யூட்டர், இரண்டுக்கும் முதலாளி ஜானகிராமன். கோடு, வட்டம், வளைவு வரைந்து தரும் புரோகிராம் தொகுப்பு, அவர்கள் பேச்சில் லைப்ரரி, ஒன்றை மாடியில் எழுதினார்கள். மற்றவர்கள் அதை வாங்கித் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்வார்கள். அது ஒழுங்காக வரைகிறதா என்று சோதிப்பதற்காக, தொண்ணூற்று நான்கில் ஆவடியிலிருந்து ஞானகுமாரி வந்து சேர்ந்தாள். தற்காலிக வேலைதான். கணவன் வேதமுத்துவின் தொழிற்சாலை கதவடைப்பில் கிடந்ததால், இவள் வேலை நிரந்தரமாவதைத்தான் வீடே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன் அங்கே சோதனை நடந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். புதுப் படத்தை அச்செடுத்து, பழைய அச்சின்மேல் வைத்து, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓகே என்பார்கள். கண் வலித்தாலும் ஓகேதான். ஞானகுமாரி சரியான படங்களை டிஸ்கில் சேர்த்துவைத்து, புதியதைப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட ஒரு புரோகிராம் எழுதினாள். ஒரு புள்ளி பிசகினாலும் ஃபெயில்.

வினை அங்கேதான் வந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வட்டத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு புள்ளி பக்கத்து இடத்தில் விழும். கண்ணுக்கே தெரியாத அதற்கெல்லாம் ஃபெயில் காட்டியது.

ஜானகிராமன் கடுப்பாகிவிட்டார். "இன்னாம்மா, எதப் போட்டாலும் ஃபெயிலுன்னுகினு கீது? சரக்கு வெளிய போவ வேணாமா? கொஞ்சம் வுட்டுக்குடும்மா."

நிரந்தர ஆர்டர் அவர் கையில் இருந்தது. அவள் வாதாடவில்லை. ஒரு படத்தில் எட்டுப் புள்ளி வரை மாறினால் பரவாயில்லை என்று திருத்தினாள். அன்றிலிருந்து எல்லாம் பாஸ். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "சித்திரைல உன்ன பெர்மனன்ட் பண்ணிட்றேன்" என்றார். அந்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் வேதமுத்து ஆட்டுக்கறி வாங்கிவந்தான்.

பங்குனியில் இடி விழுந்தது. குமணன்சாவடியில் தகட்டில் துளை போடும் பட்டறை ஒன்று இந்த லைப்ரரியை நம்பித்தான் துளைகளுக்கான படத்தை வரைந்தது. புதுப் பதிப்பு மிகச் சிறிய வட்டங்களை வரையவே இல்லை. சோதனைப் படத்தில் அப்படி ஒரே ஒரு வட்டம்தான்; அதற்கு மொத்தமே எட்டுப் புள்ளி என்பதால் பாஸ் ஆகியிருந்தது. திருகாணித் துளை இல்லாத தகடுகள் லாரியில் திரும்பி வந்தன.

ஞானகுமாரிக்கு உடனே புரிந்துவிட்டது. புள்ளி நகர்வது வேறு, காணாமல் போவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணியது அவள்தான். அன்றே மாற்றி எழுதினாள்: பக்கத்து இடத்துக்கு நகர்ந்தால் மன்னிப்பு, மறைந்தால் ஃபெயில். பழுதான பதிப்பில் ஓட்டினாள். அந்தச் சின்ன வட்டத்தை மட்டும் கச்சிதமாகப் பிடித்தது. படியிறங்கி ஓடினாள்.

ஜானகிராமன் கேட்கத் தயாராக இல்லை. "டெஸ்ட் பண்ணியும் இப்டி ஆச்சுன்னா டெஸ்ட்டே எதுக்கு? நாங்க டியூப்லைட்லயே பாத்துக்கறோம். நாளைலர்ந்து நீ வர வேணாம்."

"நீங்கதான சார் வுட்டுக்குடுக்கச் சொன்னீங்க?"

"நான் சொல்லுவேன். எத்தினி வுடலாம்னு உனக்கில்ல தெரியணும்?"

அவர் கேட்டதும் நியாயம்தான். அதுதான் தாங்கவே முடியவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். வேதமுத்து, "இப்ப எழுதுனியே, அது கரெக்டா புட்ச்சிச்சா?" என்றான்.

"புட்ச்சிச்சு" என்றாள். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அந்த வீட்டில் யாரும் அவசரப்படவில்லை. இரண்டு பேருக்குமே போக இடம் இல்லை.